செஞ்சோறும் துண்டுச் சீட்டும்

பாரதப் போர் நிகழ்ந்த களம் எது? குருக்கேத்திரம் என்பர் கற்றோர். யானும் வகுப்பறையிலே நெடுங்காலமாக அவ்வாறே சொல்லி வருகின்றேன். அண்மையில் ஒரு மழை நாளில், அதே போர் பம்பாய் நகரத்துத் தொழிற்சாலைகளுக்கிடையே நிகழக் கண்டேன். கண்ட அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உறக்கத்தைக் கெடுத்த நினைவுகளோ பம்பாயைப் பற்றியன அல்ல. எம் தலவாக்கலையைப் பற்றியனவாகவே இருந்தன. அவற்றைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

தலவாக்கலையில் ஆடி மழை எத்தகையது என்பதை இங்கு வாழ்ந்தார் அறிவர். மலை மறையும், மேல் கொத்மலை நீர்த்தேக்கம் மறையும், எதிர் வரிசை லயமும் மறையும். அத்தகைய மாலையொன்றில், என்னிடம் பயின்று இப்பொழுது தாமும் ஆசிரியராய் விளங்கும் அன்பர் ஒருவர் இல்லத்தில் ஒதுங்கினேன். தேநீர் தந்தார். "ஐயா, பாரதத்தைக் கரை கண்டவர் நீங்கள். இந்தப் படத்தை நீங்கள் பார்க்கத்தான் வேண்டும்" என்று கணினித் திரையில் ஓர் இந்திப் படத்தை ஓட விட்டார். இந்தி யான் அறியேன். அடியில் ஓடிய ஆங்கில எழுத்துகளைத் துணையாகக் கொண்டு அமர்ந்தேன். கால்பங்கு ஓடுவதற்குள் அத்துணையும் வேண்டாதாயிற்று. கதை நம் கதை.

இரண்டு வீடுகள்

படத்தின் பெயர் 'கல்யுக்'. கலியுகம் என்பது பொருள். 1981ஆம் ஆண்டில் வெளிவந்தது. இயக்கியவர் சியாம் பெனகல். தயாரித்தவர் நடிகர் சசி கபூர். கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட், பெனகலுடன் கூடித் திரைக்கதை அமைத்தார். சிறந்த படத்துக்கான பிலிம்பேர் விருதும் அதற்குக் கிட்டியது.

ஒரே குடியிற் கிளைத்த இரு வணிகக் குடும்பங்கள் இதில் வருகின்றன. பூரண்சந்த் வழியினர் ஒருபுறம். கூப்சந்த் வழியினர் மறுபுறம். இரு திறத்தாருக்கும் தொழிற்சாலைகள் உண்டு, மாளிகைகள் உண்டு. போதும் என்னும் மனம் ஒன்றுதான் இல்லை. அரசாங்க ஒப்பந்தம் யாருக்கு என்பதிலே பகை மூள்கின்றது. வில்லும் வேலும் இருந்த இடத்தில் கேள்விப்பத்திரமும் வழக்கும் அடியாட்களும் வந்து நிற்கின்றன. தருமன் இங்கே தரம்ராஜ், வீமன் பல்ராஜ், அருச்சுனன் பரத், துரியோதனன் தன்ராஜ். இரு வீட்டுக்கும் மூத்தவராய், இருவரையும் தடுக்க மாட்டாதவராய் அமர்ந்திருக்கும் வீட்டுமர் பீஷம்சந்த். அவைக்களத்திலே பாஞ்சாலி துகிலுரியப்பட்ட செய்தியை இக்காலத்தில் எங்ஙனம் காட்டுவர் என்று ஆவலோடு பார்த்திருந்தேன். வருமானவரி அதிகாரிகள் வீடு புகுந்து, ரேகா நடித்த சுப்ரியா என்னும் மருமகளின் உடைகளைக் கிளறிப் பார்க்கும் காட்சியாக அது வந்தது. ஒருவரும் அவளைத் தொடவில்லை. ஆயினும் அவள் முகத்தை என்னால் பார்க்க இயலவில்லை.

இப்படத்தில் என் உள்ளத்தை முற்றும் கவர்ந்தவன் கரண், நம் கர்ணன். அப்பாத்திரத்தைச் சசி கபூரே நடித்தார். பெற்றவள் இன்னாள் என்று அறியாமல் வளர்ந்தவன், கூரிய அறிவினன், தன்ராஜின் நிறுவனத்துக்கு அவனே மதியும் தோளும். எதிர் வீட்டு மக்கள் தன் உடன்பிறந்தார் என்னும் உண்மை வெளிப்படுவதற்குள் பகை முற்றிவிடுகின்றது. அவன் முடிவு எவ்வாறு நிகழ்கின்றது? காரின் சக்கரம் பழுதாகின்றது. அதனைச் சரிசெய்ய இறங்கி நிற்கும் வேளையில் அவன் உயிர் பறிக்கப்படுகின்றது. தேர்ச்சக்கரம் மண்ணில் அழுந்திய கதையை அறிந்த நமக்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.

செஞ்சோற்றுக்கடன்

தமிழர் கர்ணனிடத்தில் காட்டும் அன்பு தனியானது. வில்லிபுத்தூரார் பாரதத்தைப் படித்தவர்களும் படியாதவர்களும் கர்ணன் வீழும் இடத்தில் ஒருபடித்தாகவே அழுகின்றனர். பந்துலு அவர்கள் இயக்கிச் சிவாஜி கணேசன் நடித்து 1964இல் வெளிவந்த 'கர்ணன்' படத்தை என் தந்தையார் எத்தனை முறை பார்த்தார் என்பதற்குக் கணக்கில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர் அவர். அப்படத்தைப் பற்றிப் பேசும்பொழுதெல்லாம் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "சோறு போட்டவனை விட்டுப் போகவில்லை, பார்த்தாயா?"

செஞ்சோற்றுக்கடன் என்னும் சொல்லிலே அத்தனையும் அடங்கிவிடுகின்றது. பிறப்பைச் சொல்லிப் பிறர் இகழ்ந்த நாளில், அங்க நாட்டைத் தந்து அரசருள் அரசனாக்கினான் துரியோதனன். தன் மனைவியோடு சூதாடுகையில் கர்ணனின் கைபட்டு மணிகள் அறுந்து சிதறியபோதும் நண்பனை ஐயுறாமல் நின்றான். அந்த நன்றிக்காகத் தாய் அழைத்தும் செல்லாது, தோல்வி உறுதி என்று தெரிந்த பக்கத்திலேயே நின்று கர்ணன் மாய்ந்தான். வள்ளுவர் நூலின் பதினோராம் அதிகாரத்தைக் கற்பிக்கும்பொழுதெல்லாம் இதனையே யான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

'கல்யுக்' இக்கதையில் எனக்கு ஒரு புதுப் பொருளைக் காட்டியது. கரணுக்குத் தன்ராஜின் வீட்டில் மதிப்பு உண்டு, நட்பும் உண்டு. ஆனால் அந்த மதிப்பு எப்பொழுது எழுகின்றது என்று பாருங்கள்: எதிரியை வெல்ல அவன் வேண்டியிருக்கும்பொழுது. இதனைக் கண்ட பின் பாரதத்தை மனத்துள்ளே புரட்டினேன். அங்க நாடு எந்த நாழிகையில் கொடுக்கப்பட்டது? அரங்கிலே அருச்சுனன் தன் வில்திறம் காட்டி, அவனுக்கு நிகர் யார் என்று துரியோதனன் கலங்கிய அந்த நாழிகையில். கொடை உண்மை, நட்பும் உண்மை. கூடவே ஒரு விலையும் அங்கே பேசப்பட்டது. இத்தனை ஆண்டு பாடம் சொல்லியும் அந்த நாழிகையை யான் கவனித்திலேன்.

இந்த இடத்திலேதான் எனக்கு அந்தச் சிறுமியின் முகம் நினைவுக்கு வந்தது.

ஒரு மாணாக்கியின் வினா

பல்லாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. பத்தாம் வகுப்பு. செஞ்சோற்றுக்கடனை விரித்துரைத்துக் கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து நாள்தோறும் நடந்து வரும் மாணாக்கி ஒருத்தி எழுந்தாள்.

"ஐயா, எங்க தாத்தாவுக்குத் தோட்டத்துல அரிசி குடுத்தாங்களாம். அந்தக் காசைச் சம்பளத்துல புடிச்சுக்கிட்டாங்களாம். அப்ப அவரு யாருக்கு ஐயா கடன்?"

வகுப்புச் சிரித்தது. "இது இலக்கிய வகுப்பு, பிள்ளாய், வீட்டுக் கணக்கை வீட்டிலே வை" என்று சொல்லி அவளை இருத்தினேன். பின்னர் கர்ணனைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபொழுது அதே வினாவை அவள் எழுத்திலும் எழுப்பியிருந்தாள். பொருளை விட்டு விலகியது என்று சிவப்பு மையால் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். அந்த ஆண்டு முடிவில் அவள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு காணவில்லை.

துண்டு

அவள் கேட்டது வீட்டுக் கணக்கு அன்று, இம்மலைநாட்டின் சரித்திரம். பெருவணிகரின் ஈவிரக்கமற்ற போட்டிக்குப் பம்பாய் வரை செல்ல வேண்டா. எம் மலைகளிலேயே அது நடந்தது.

கோப்பி காலத்தில் பறிப்புப் பருவத்துக்கு மட்டும் ஆட்கள் வந்து திரும்பினர். 1869 முதல் இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை எழுந்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும். ஆதலின் ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். புதிது புதிதாகத் தோட்டங்கள் திறக்கப்பட்டன. பின்னர் இறப்பரும் வந்து சேர்ந்தது. நிலம் கிடைத்தது; பணம் கிடைத்தது; ஆட்களுக்கே பஞ்சம். ஒரு தோட்டத்தின் ஆட்களை மற்றொரு தோட்டம் கவரும் போட்டி தொடங்கியது.

அப்போட்டியில் கருவியாக நின்றது ஒரு காகிதம். அதன் பெயர் துண்டு. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களில் கங்காணி ஆள் சேர்ப்பான். வழிச்செலவுக்கும் பழைய கடனைத் தீர்ப்பதற்கும் முன்பணம் கொடுப்பான். அது தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். தோட்டத்தை விட்டுக் கங்காணி தன் கூட்டத்தோடு விலக விரும்பினால், துரை ஒரு துண்டு எழுதித் தருவார்: இத்தனை பேருக்கு இத்தனை ரூபாய் கடன், அதனைத் தீர்ப்பவரிடம் இவர்களை விட்டுவிடுவேன் என்பது அதன் கருத்து. கங்காணி அத்துண்டோடு தோட்டந் தோட்டமாகச் செல்வான். ஆள் தட்டுப்பாடுள்ள துரை கடனையும் தீர்த்து, கங்காணிக்கு மேலும் பணம் கொடுப்பார். அந்த மேற்பணம் எங்கே போய்ச் சேரும்? அதுவும் கடனிலேயே ஏறும். அடுத்த துண்டில் தொகை இன்னும் பெருகும். போட்டி போட்டவர்கள் துரைமார், இலாபம் கண்டவன் கங்காணி, கடன்பட்டவன் தொழிலாளி. அவன் ஓடினாலோ 1865ஆம் ஆண்டுச் சட்டம் சிறையைக் காட்டும்.

இச்செலவு தங்களையே விழுங்குவதைக் கண்ட தோட்டக்காரர் 1904இல் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையகம் ஒன்றை நிறுவி, ஆள் சேர்ப்பதை ஒழுங்குபடுத்த முனைந்தனர். துண்டு ஒழியவில்லை. மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் என்னும் இருவர் இத்தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து 1917இல் அறிக்கை எழுதினர். 1921ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறைக்கு முடிவு கட்டியது.

சட்டம் வந்தபொழுது என் பாட்டி சிறு குழந்தை. தன் தந்தையார் சொன்னதை எனக்குச் சொல்லியிருக்கின்றார். ஒருநாள் மாலைப் பொழுதில் பெரிய கங்காணி வந்து, சட்டி பானைகளைக் கட்டச் சொன்னானாம். விடியுமுன் நடந்து தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை அடைந்தார்களாம். "ஒரு துரை விட்டாரு, இன்னொரு துரை எடுத்தாரு. எவ்வளவுக்குன்னு எங்கப்பாவுக்கே தெரியாது, ராசா" என்பார். கங்காணியையும் கடனையும் பாடிய பாட்டுகள் இங்கு எத்தனையோ. எம் ஊருக்கு அணித்தான மடகொம்பரையில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை அத்தகைய பாடல்களைத் தொகுத்து வைத்தார். அவர் தொகுத்தவை இலக்கியம் என்றே யானும் போற்றுகின்றேன். ஆயினும் அதே செய்தியை ஒரு சிறுமி வாயால் கேட்டபொழுது, வகுப்புக்குப் புறம்பானது என்றேன்.

சோறும் கடனும்

கர்ணன் உண்டது செஞ்சோறு. விருப்போடு அளிக்கப்பட்டது, அளித்தவன் அதற்குக் கணக்கு எழுதவில்லை. ஆதலின் அவன் அதனைக் கடனாகக் கருதியது அவனுடைய பெருமை. தோட்டத்துக் களஞ்சியத்தில் அளந்து கொடுத்த அரிசியோ, சம்பளத்தில் விலை கழித்துக் கொடுக்கப்பட்டது. அதனை உண்டவர் விலை கொடுத்து உண்டவர். அவரிடம் நன்றியைக் கேட்பது ஒரே பொருளுக்கு இருமுறை விலை கேட்பதாகும். நன்றியறிதல் கொள்பவன் உள்ளத்தில் தானே முளைக்க வேண்டிய அறம். கொடுப்பவன் அதனைக் கேட்டு வாங்கத் தொடங்கினால் அது துண்டுச் சீட்டாகிவிடும்.

'கல்யுக்' படத்திலும் தொழிலாளர் வருகின்றனர். ஓம் புரி நடித்த பவானி பாண்டே என்னும் சங்கத் தலைவன் வருகின்றான். தொழிலாளரின் குறையும் சினமும்கூட இரு வீட்டாரின் போட்டியில் ஆயுதமாகவே பயன்படுகின்றன. முதலாளிமார் வீழும்பொழுது இசை ஒலிக்கின்றது. தொழிற்சாலை வாயிலில் நின்றவர்கள் பின்னர் என்ன ஆயினர் என்பதைக் கதை சொல்வதில்லை. பாரதத்திலும் அப்படித்தான். பதினெட்டு அக்குரோணிச் சேனை மாய்ந்தது என்று படிக்கின்றோம். பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

எம் மலையிலும் வீடுகள் மாறின. ஆங்கிலேயக் கம்பனிகள் இருந்தன. 1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992 முதல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. பெயர்ப்பலகைகள் மாறின. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையோடு வரிசையில் நிற்பவள் மாறவில்லை. அவளே தோட்டக் கோயில் முற்றத்தில் அருச்சுனன் தபசு நடக்கும் இரவில் விடியுமட்டும் விழித்திருந்து, தபசு மரத்தின்மேல் ஏறும் அருச்சுனனைக் கைகூப்பி நோக்குகின்றாள். பாரதத்தை இன்றும் உயிரோடு காப்பவர்களுள் அவளும் ஒருத்தி. அவள் வீட்டுப் பிள்ளை பாரதத்தைப் பற்றிக் கேட்கும் வினாவுக்கு இடங்கொடாத புலமையால் யாது பயன்?

கர்ணனை யான் கைவிடவில்லை. அவன் சக்கரத்தோடு போராடும் இடம் வந்தால் இன்னும் என் குரல் தழுதழுக்கின்றது. என் தந்தையார் சொன்ன வாக்கியத்தையும் யான் மறுக்கவில்லை; அவர் வாழ்ந்த வாழ்வுக்கு அது ஒரு மானத்தைத் தந்தது. ஆயினும் சோறு போட்டவன் யார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதனைக் கேட்டவள் என் மாணாக்கி.

அடுத்த தவணையில் அப்பாடம் மறுபடியும் வருகின்றது. இம்முறை அங்க நாட்டிலிருந்து தொடங்கப் போவதில்லை. அவள் கேட்ட வினாவைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மாணாக்கர் என்ன சொல்கின்றார்கள் என்று கேட்டிருப்பேன். கொழும்பிலோ வேறெங்கோ இருந்து அவள் இதனைப் படிக்க நேர்ந்தால், ஒன்று அறிந்துகொள்வாளாக: அன்று பொருளை விட்டு விலகியவன் அவளுடைய ஆசிரியன்.