மூடுபனியில் மறைந்த பந்து

கனடா தேசத்தார் கால்பந்து என வழங்குவது நாம் அப்பெயரால் அறிந்த ஆட்டமன்று. கட்சிக்குப் பன்னிருவர் நின்று, முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும், எறிந்தும், உதைத்தும் எதிரியின் எல்லைக்குக் கொண்டு செல்வர். மூன்று முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறாவிடில் பந்து எதிர்க்கட்சிக்கு உரியதாகும். இவ்வாட்டத்தின் பெரும்பரிசு, அத்தேசத்துக் கவர்னர் ஜெனரலாயிருந்த கிரே பிரபு 1909-இல் அளித்த கிண்ணமாம்.

1962-ஆம் வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி டொராண்டோ நகரில் வினிபெக், ஹாமில்டன் என்னும் இரு நகரத்துக் கட்சியார் அதற்காகப் பொருதனர். அருகிலுள்ள ஒன்டாரியோ ஏரியினின்றும் எழுந்த மூடுபனி மைதானத்தை மெல்ல மெல்ல விழுங்கிற்று. தரையில் ஓடுவோர் ஒருவாறு புலப்பட்டனர். உயர உதைத்த பந்தோ பனியில் மறைந்து, பிடிக்கக் காத்து நின்றோர் அருகே திடீரென வந்து விழுந்தது. காசு கொடுத்துச் சென்ற ஆயிரக்கணக்கானோர் கண்டது வெண்திரையே! வினிபெக் 28, ஹாமில்டன் 27 என நின்ற நிலையில், இன்னும் 9 நிமிஷம் 29 விநாடி எஞ்சியிருக்க, ஆட்டம் நிறுத்தப்பட்டது.

ஒரே புள்ளி வித்தியாசத்தை முடிவெனக் கூறியிருப்பின் ஹாமில்டனார் பொறுப்பரோ? முழுதும் புதிதாய் ஆடச் சொன்னால் வினிபெக்கார் இசைவரோ? எஞ்சிய நிமிஷங்களை மட்டும் மறுநாள் ஞாயிறன்று ஆடுவித்தது நியாயமென்றே நாம் எண்ணுகிறோம். அன்று இரு கட்சியாரும் ஒரு புள்ளியேனும் சேர்த்திலர். கிண்ணம் வினிபெக் சென்றது.