விடுதி அறையும் புகையும்

மணலிக்கு அருகே சடையங்குப்பத்தில் வாழும் எனக்குப் புகை புதிதன்று. ஆலைப் புகை அழையாமலே எங்கள் வீட்டிற்குள் வருவது. அதனால்தானோ என்னவோ, வெளியூரில் தங்கும் விடுதிகளில் எழும் புகைச் சச்சரவை நான் கூர்ந்து கவனிப்பதுண்டு.

பயணிகள் இதில் இரு திறத்தார். "வாடகை கொடுத்த அறை என் வீட்டுக்கு ஒப்பு, அங்கே புகைப்பதைத் தடுப்பானேன்?" என்பர் ஒரு சாரார். "நாங்களும் வாடகை கொடுத்தோம்; நல்ல காற்று எங்களுக்கு வேண்டாவா?" என்பர் மற்றவர்.

2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய விதிகள் இருவருக்கும் இடமளித்தன. விடுதியின் பொது இடங்களில் புகைத்தல் கூடாது. புகைப்போருக்கென அறைகள் ஒதுக்கினால், அவை ஒரே தளத்திலோ பகுதியிலோ தனித்து அமைதல் வேண்டும். அவற்றின் புகை பிற இடங்களுக்குப் பரவலாகாது.

ஆயினும் புகைக்கு எல்லை வகுப்பது எளிதோ? கலிபோர்னியா விடுதிகளில் நிகழ்ந்து 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதனை விளக்கும். புகைக்கும் அறைகளும் உள்ள விடுதிகளில், புகைத்தல் விலக்கப்பட்ட அறைகளிலும் நிகோடின் காணப்பட்டது. முழுத்தடையுள்ள விடுதிகளைவிட அதன் அளவு மிகுந்திருந்தது. திரையிலும் மெத்தையிலும் சுவரிலும் படியும் நிகோடின், புகைத்தவர் சென்ற பின்னும் தங்கிவிடுகிறது.

பயணி மறுநாட் காலை புறப்பட்டுவிடுவார். படுக்கை விரிப்பை மாற்றும் பணியாளரோ நாள்தோறும் அக்காற்றையே சுவாசிக்கிறார். பயணிகளின் வழக்கில் அவர் குரல் கேட்பதில்லை. மாணவ நண்பர்களே, இத்தடை தகுமா தகாதா என்று ஆராயும்போது அவரையும் நினைவிற் கொள்ளுங்கள்.