புகையை வாங்கும் சுவரும் அணைத் தண்ணீரும்

டைட்டானியம் டையாக்ஸைடு கலந்த வெண்பூச்சுப் பூசிய சுவரே வெயில் பட்டதும் புகையை உண்டு தீர்த்துவிடும் என்னும் நம்பிக்கை இந்நாளில் பரவியிருக்கிறது. ரோம் நகரத்தில் 2003இல் திறக்கப்பட்ட ஒரு தேவாலயத்தின் சுவர்களில் டைட்டானியம் டையாக்ஸைடு கலந்த சிமென்ட் வெண்மை மங்காதிருக்கச் சேர்க்கப்பட்டது. அந்த டையாக்ஸைடின் மூலப்பொருளாகிய இல்மனைட்டோ நம் மணவாளக்குறிச்சிக் கடல் மணலிலேயே கிடைக்கிறது. ஆதலால் வெடி சோதிக்கும் பொட்டல்களும் கழிவெரிக்கும் இடங்களும் நிறைந்த சிவகாசி, ஆனைக்குட்டம் பிரதேசத்துக்கு இது கைக்கெட்டிய பரிகாரம் என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் சூரிய கிரணத்தின் மகிமையைப் பேசுகிறவர்கள், அதற்கு முன்னரே நிகழ்ந்தாக வேண்டிய காரியத்தை, அதாவது வாயு மூலக்கூறு மேற்பரப்பில் வந்து ஒட்டுவதைப் போதிய அளவு கவனிப்பதில்லை. படிகத்தின் உள்ளே ஆறு ஆக்ஸிஜன் அணுக்கள் சூழ நிறைவுற்றிருக்கும் டைட்டானியம் அணு, மேற்பரப்பிலோ பல இடங்களில் ஐந்தோடு குறைப்பட்டு நிற்கிறது. அக்குறையே அன்னிய மூலக்கூறுகளை ஈர்க்கிறது. ஆக்ஸிஜன் அணு ஒன்று கழன்றுபோன பள்ளங்களும் அவ்வாறே. ஒளி பட்டதும் படிகத்தில் எழும் ஒரு எலக்ட்ரானை, வந்து ஒட்டிய ஆக்ஸிஜன் ஏற்று வீரியமுற்று, அண்டையில் ஒட்டியதைச் சிதைக்க முற்படுகிறது. ஆனால் அனட்டேஸ் என்னும் படிக வகையை எழுப்ப 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கிரணம் வேண்டும். வெயிலில் அது நூற்றில் ஏறத்தாழ ஐந்து பங்கே.

தீபாவளி வெடிகளில் பல இரவில் அல்லவா வெடிக்கின்றன! சூரியனில்லாத அவ்வேளையில் சுவர் எதையும் அழிப்பதில்லை. வாங்கி வைத்துக்கொள்கிறது, விடியலுக்குக் காத்திருக்கிறது. ஐப்பசியின் ஈரக்காற்றில் நீர் மூலக்கூறுகளே முந்திக்கொண்டு அவ்விடங்களைப் பற்றிக்கொள்ள, ஏனைய வாயுக்களுக்கு இடம் சுருங்கிவிடுகிறது.

எனக்குப் பெருங்கவலை கந்தகத்தைப் பற்றியது. வெடியுப்பு 75, கரித்தூள் 15, கந்தகம் 10 என்று கலக்கும் பழைய கருமருந்து எரிகையில், கந்தகத்தில் ஒரு பகுதி டையாக்ஸைடு வாயுவாய்ப் புறப்படுகிறது. அது மேற்பரப்பில் சல்ஃபைட்டாக ஒட்டி, ஒளி பட்டதும் சல்ஃபேட்டாக இறுகி, தான் பற்றிய இடத்தை விட்டு எளிதில் அகலாமல் அப்பூச்சை மலடாக்கிவிடுகிறது. நைட்ரஜன் டையாக்ஸைடோ நைட்ரேட்டாகத் தங்கி, சமயங்களில் ஒளியின் தூண்டலால் நைட்ரஸ் அமிலமாய் மீண்டும் காற்றிலேயே எழுகிறது. ஆக, புகை அழிந்தது என்று கொண்டாடப்படுவது, உண்மையில் உருமாறிக் குடியிருப்பது.

மழை கழுவிவிடும், அத்தனை சிறிய அளவு யாருக்கும் தீங்கன்று என்பார் உண்டு. ஒரு சுவரளவில் அது மெய்யே. ஊரிலுள்ள கூரைகளும் மதில்களும் எல்லாம் பூசப்பட்டால், வடகிழக்குப் பருவத்தின் முதல் மழையில் அவற்றிலிருந்து வடிவது எங்கே போய்ச் சேரும்? ஆனைக்குட்டத்தில் அர்ஜுனா நதியை மறித்து அணை இருக்கிறது. விருதுநகர் மக்களின் குடிநீருக்கும் அத்தேக்கமே ஆதாரங்களில் ஒன்றாக இருந்து வருகிறது. ஆதலால் இப்பிரதேசத்தில் ஒரு சுவருக்கேனும் இப்பூச்சு ஏறுமுன், சில மாதம் புகையில் நின்ற மாதிரிப் பலகையின் மீது பெய்த முதல் மழைநீரைக் குடத்தில் பிடித்து, அதிலுள்ள சல்ஃபேட்டையும் நைட்ரேட்டையும் பூச்சிலிருந்து பெயர்ந்த நுண்துகளையும் அளந்து, அந்தக் கணக்கை ஊர்ச்சபையின் முன் வைக்க வேண்டும் என்று கேட்கிறேன்.