ஆசை காட்டும் ஓடை

மணல் பள்ளங்களைக் கூட்டினால் எந்த கால்ஃப் மைதானமும் கடினமாகிவிடும். புதியவருக்கு வழிவிட்டு, கைதேர்ந்தவரைத் திணறவைப்பதுதான் வித்தை.

அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தை அலிஸ்டர் மெக்கன்சியும் பாபி ஜோன்ஸும் அப்படித்தான் வடிவமைத்தார்கள். அதன் 13-ஆவது குழிக்கு ஐந்து ஷாட் கணக்கு. பாதை இடப்பக்கம் வளைகிறது. குழியுள்ள புல்தரைக்கு முன்னால் சின்ன ஓடை. சாதாரண ஆட்டக்காரர் பந்தை ஓடைக்கு இப்பாலேயே நிறுத்தி, அடுத்த ஷாட்டில் நிதானமாகத் தாண்டலாம். வல்லவருக்கோ, இரண்டே ஷாட்டில் போய்ச் சேர்ந்துவிடலாமே என்ற ஆசை! பந்து கிடப்பதோ சரிவில், வலக்கை ஆட்டக்காரரின் காலைவிட உயரத்தில். கொஞ்சம் பிசகினால் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இந்த மைதானத்தில் நடந்த 1985 மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதிச் சுற்றில் முன்னணியில் இருந்த கர்டிஸ் ஸ்ட்ரேஞ்ச் இந்தக் குழியில் துணிந்து அடித்தார். பந்து ஓடையில் விழுந்தது. 15-ஆவது குழியிலும் அதே துணிச்சல், அங்கேயும் தண்ணீர்தான். இரண்டு ஷாட் வித்தியாசத்தில் பட்டம் பெர்ன்ஹார்ட் லாங்கருக்குப் போனது.

இப்போதெல்லாம் பந்து வெகுதூரம் பறக்கிறதல்லவா? 510 கஜமாக இருந்த அந்த 13-ஆவது பாதையை 2023-இல் 545 கஜமாக நீட்டிவிட்டார்கள்.