டேனா அறக்கட்டளையின் தலைவர்கள்

டேனா அறக்கட்டளை என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இலாப நோக்கற்ற தனியார் அமைப்பு ஆகும். மூளை ஆய்வுக்குத் துணைநிற்பதும், மூளையைப் பற்றிய அறிவைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்ப்பதும் இதன் முதன்மைப் பணிகளாக அறியப்படுகின்றன. 1950 ஆம் ஆண்டு சார்லஸ் ஏ. டேனா என்ற தொழிலதிபரும் அவருடைய மனைவி எலினோர் நெய்லர் டேனாவும் இதனை நிறுவினர். டேனாவுக்குப் பின் டேவிட் மகோனி, வில்லியம் சஃபயர், எட்வர்ட் ரோவர் ஆகியோர் இதன் தலைவர்களாக விளங்கினர். இந்த நால்வருள் எவரும் மருத்துவர் அல்லர். மூளையை ஆராய்ந்தவரும் அல்லர். மூளை அறிவியலில் பெயர் பெற்ற ஓர் அமைப்பை விளம்பரத் தொழிலில் இருந்து வந்தவரும், பத்திரிகையாளரும், வழக்கறிஞர்களும் வழிநடத்தியது எவ்வாறு என்பதே இதன் வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தியாகும்.

தலைவரின் இடம்

பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி இயங்கும் தொண்டு நிறுவனங்கள் ஒரு வகை. நோயாளிகளின் குடும்பத்தினர் கூடி அமைக்கும் சங்கங்கள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. டேனா அறக்கட்டளை வேறு வகை. இது நிறுவனர் அளித்த மூலநிதியை முதலீடு செய்து, அதன் வருவாயைக் கொண்டு நல்கைகளை வழங்குகிறது. அமெரிக்க வரிச் சட்டப்படி இத்தகைய அறக்கட்டளைகள் தம் சொத்து மதிப்பில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை ஒவ்வோர் ஆண்டும் அறப்பணிகளுக்குச் செலவிட வேண்டும். எந்த அறப்பணிக்கு என்பதை முடிவு செய்வது அறங்காவலர் குழுவும் அதன் தலைவருமே. நன்கொடையாளரிடம் கையேந்த வேண்டியதில்லை, தேர்தலும் இல்லை. எனவே தலைவராக வருபவரின் தனிப்பட்ட நாட்டம் அமைப்பின் போக்கையே மாற்றிவிடக்கூடும். டேனா அறக்கட்டளையில் இது ஒரு முறைக்கு மேல் நிகழ்ந்துள்ளது.

சார்லஸ் டேனா

சார்லஸ் ஆண்டர்சன் டேனா (1881–1975) நியூயார்க்கில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று வழக்கறிஞரானார். பின்னர் நியூயார்க் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1914 ஆம் ஆண்டு இவர் ஸ்பைசர் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றது திருப்புமுனையாயிற்று. கிளாரன்ஸ் ஸ்பைசர் என்ற பொறியாளர், இயந்திரத்தின் சுழற்சியைத் தண்டு வழியாகச் சக்கரங்களுக்குக் கடத்தும் யுனிவர்சல் ஜாயிண்ட் என்னும் இணைப்பைத் தானுந்துகளுக்கு ஏற்றவாறு வடிவமைத்து 1903 இல் காப்புரிமை பெற்றிருந்தார். அதற்கு முன் பல தானுந்துகள் மிதிவண்டியைப் போலச் சங்கிலியால் இயங்கின. கண்டுபிடிப்பு சிறந்ததாக இருந்தும் நிறுவனம் பணநெருக்கடியில் இருந்தது. டேனாவின் மேலாண்மையில் அது பெருநிறுவனமாக வளர்ந்து, 1946 இல் டேனா கார்ப்பரேசன் என்று பெயர் பெற்றது. பிற்காலத்தில் மூளை ஆய்வுக்குச் சென்ற பணம் இவ்வாறு வண்டித் தண்டின் மூட்டிலிருந்து வந்ததாகும்.

டேனாவின் காலத்தில் அறக்கட்டளைக்கும் மூளைக்கும் தனிப்பட்ட தொடர்பு எதுவும் இல்லை. கல்லூரிக் கட்டடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் நல்கைகள் சென்றன. பெறுவோர் தாமும் ஒரு பங்கைத் திரட்ட வேண்டும் என்பது இவர் விரும்பிய நிபந்தனை. பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் நிறுவிய புற்றுநோய் ஆய்வு நிலையம் இவ்வறக்கட்டளையின் உதவியை நினைவுகூரும் வகையில் 1983 இல் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம் எனப் பெயர் மாற்றப்பட்டது. இன்றும் டேனா என்ற பெயரைக் கேட்டால் பலருக்கு நினைவுக்கு வருவது இம்மருத்துவமனையே.

டேவிட் மகோனி

அறக்கட்டளையை மூளையின் பக்கம் திருப்பியவர் டேவிட் மகோனி (1923–2000). நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த இவர், கூடைப்பந்தாட்டத்திற்கான உதவித்தொகை பெற்றுப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்தார். விளம்பரத் துறையில் தொடங்கி, குட் ஹியூமர் பனிக்கூழ் நிறுவனம், கனடா டிரை குளிர்பான நிறுவனம் ஆகியவற்றின் தலைவராக உயர்ந்தார். அதன்பின் நார்ட்டன் சைமன் என்ற பெருநிறுவனக் குழுமத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1983 இல் அக்குழுமத்தைத் தாமே வாங்க முயன்றபோது, வேறொரு நிறுவனம் கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிட்டது. வணிக உலகின் உச்சியிலிருந்து இறங்க நேர்ந்த மகோனி, 1977 முதல் தாம் தலைவராக இருந்த டேனா அறக்கட்டளையில் முழுமையாக ஈடுபடலானார்.

விற்பனை வல்லுநரான மகோனி, மூளை ஆய்வின் குறையை ஆய்வகத்தில் தேடவில்லை. அறிவியலாளர்கள் தங்கள் பணியை மக்களுக்கு எடுத்துச் சொல்லத் தெரியாதவர்களாக இருக்கிறார்கள் என்பது அவருடைய கருத்து. மக்களுக்குத் தெரியாத ஒன்றுக்கு மக்களவை பணம் ஒதுக்காது. எந்தத் தனியார் அறக்கட்டளையின் நிதியும் அரசின் ஆய்வு நிதிக்கு முன் மிகச் சிறியது. ஆகவே சிறிய நிதியை நல்கைகளாக மட்டும் பிரித்துக் கொடுப்பதைவிட, அரசின் பெரிய நிதியை அசைக்கக்கூடிய பொதுக் கருத்தை உருவாக்குவது பயன் மிக்கது என்று அவர் கணக்கிட்டார். இது ஒரு வணிகரின் கணக்கு. ஆயினும் தவறான கணக்கு என்று சொல்வதற்கில்லை.

1990களை மூளையின் பத்தாண்டாக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் அறிவித்திருந்தார். 1992 இல் டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனும் மகோனியும் சேர்ந்து, வாட்சன் தலைமையேற்றிருந்த கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் மூளை அறிவியலாளர்களின் கூட்டம் ஒன்றைக் கூட்டினர். அப்பத்தாண்டுக்குள் எட்டக்கூடிய பத்து இலக்குகளை அறிவியலாளர்கள் எழுதி அறிவித்தனர். குடும்பவழி வரும் ஆல்சைமர் நோய்க்கும் ஹண்டிங்டன் நோய்க்கும் காரணமான மரபணுக்களைக் கண்டறிதல், பக்கவாதத்தில் நரம்பணுக்கள் அழிவதைக் குறைக்கும் மருந்துகள், தண்டுவடக் காயத்திற்குப் பின் நரம்புகளை மீண்டும் வளரச் செய்தல், கொக்கெயின் போன்ற போதைப்பொருள்களின் செயலைத் தடுக்கும் பொருள்கள், நினைவும் கற்றலும் நிகழும் முறையை விளக்குதல் முதலியன அவற்றுள் அடங்கும். இவ்வாக்குறுதியின் தொடர்ச்சியாக மூளை முனைப்புகளுக்கான டேனா கூட்டமைப்பு தோன்றியது. எரிக் காண்டல் போன்ற முன்னணி ஆய்வாளர்கள் அதில் உறுப்பினராயினர். 1997 இல் ஐரோப்பாவிலும் இத்தகைய கூட்டமைப்பு அமைக்கப்பட்டது.

நாள் குறித்து வாக்குறுதி அளிப்பது அறிவியலாளருக்குப் பழக்கமில்லாதது, இடரும் உடையது. ஹண்டிங்டன் நோயின் மரபணு மறு ஆண்டே, 1993 இல் கண்டறியப்பட்டது. குடும்பவழி ஆல்சைமர் நோயில் பங்குபெறும் பிரெசெனிலின் மரபணுக்கள் 1995 இல் தெரியவந்தன. பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு 1996 இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அறுந்த தண்டுவடத்தை மீண்டும் இணைக்கும் மருத்துவம் இன்றளவும் வழக்கிற்கு வரவில்லை. கொக்கெயின் அடிமைத்தனத்திற்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து இன்றும் இல்லை. கண்டுபிடிக்கப்பட்ட மரபணுக்களும் நோயைக் குணமாக்கும் மருந்தாக உடனே மாறிவிடவில்லை. காரணம் அறிவதற்கும் குணப்படுத்துவதற்கும் இடையே உள்ள தொலைவு, பட்டியலைப் படித்த பொதுமக்கள் எண்ணியதைவிடப் பெரிது.

1996 இல் தொடங்கப்பட்ட மூளை விழிப்புணர்வு வாரம் மகோனி காலத்துப் பணிகளுள் நீடித்து நிற்பது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் பல நாடுகளின் பல்கலைக்கழகங்களும் பள்ளிகளும் இதனைக் கடைப்பிடிக்கின்றன. செரிப்ரம் என்ற இதழ் 1998 இல் வெளிவரத் தொடங்கியது.

வில்லியம் சஃபயர்

மகோனி 2000 ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தபின் தலைவரானவர் வில்லியம் சஃபயர் (1929–2009). பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர். குடியரசுத் தலைவர் நிக்சனுக்கு உரைகள் எழுதியவர். 1973 முதல் 2005 வரை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அரசியல் பத்தி எழுதியவர். 1978 இல் புலிட்சர் பரிசு பெற்றார். ஆங்கிலச் சொற்களின் வரலாற்றையும் வழக்கையும் பற்றி இவர் எழுதிய வாரப் பத்தி அரசியலில் இவரோடு முரண்பட்டவர்களாலும் விரும்பிப் படிக்கப்பட்டது.

சொல்லாராய்ச்சியாளர் ஒருவர் தலைவரானதன் விளைவும் ஒரு சொல்லாகவே அமைந்தது எனலாம். மூளைக்குச் சிகிச்சை அளிப்பதிலும், அதன் திறனைக் கூட்டுவதிலும், அதனுள் அத்துமீறி நுழைவதிலும் எது சரி, எது தவறு என்று ஆராயும் துறையை நரம்பியல் அறவியல் என்பர். இதற்கான ஆங்கிலச் சொல்லைச் சிலர் முன்னரே ஆண்டிருந்தனர். எனினும் அது ஒரு துறையின் பெயராக நிலைபெற்றது, 2002 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் டேனா அறக்கட்டளையின் ஆதரவுடன் நடைபெற்ற மாநாட்டிற்குப் பின்னரே. மூளைப் படத்தைக் கொண்டு ஒருவர் பொய் சொல்கிறாரா என்று நீதிமன்றம் முடிவு செய்யலாமா, நலமாக உள்ள மாணவர் கவனத்தைக் கூட்டும் மாத்திரையை உண்டு தேர்வு எழுதுவது முறையா என்பன போன்ற கேள்விகள் இத்துறைக்கு உரியவை. மகோனி ஆய்வுக்கு ஆதரவு திரட்டினார். சஃபயர் அதே ஆய்வைக் கேள்வி கேட்பதற்கும் ஆதரவு தந்தார்.

கலைக் கல்வியிலும் சஃபயருக்கு ஈடுபாடு இருந்தது. இசையும் நடனமும் கற்பதால் அறிவுத்திறன் வளர்கிறதா, அல்லது அறிவுத்திறன் மிக்க பிள்ளைகளே அவற்றை நாடுகிறார்களா என்பதை ஆராய, மைக்கேல் கசானிகா தலைமையில் பல பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஒருங்கிணைக்கப்பட்டனர். 2008 இல் வெளியான அவர்களின் அறிக்கை, தொடர்புகள் உள்ளன, ஆனால் காரண காரிய உறவை உறுதிசெய்ய மேலும் ஆய்வுகள் தேவை என்ற அளவில் நின்றது. குழந்தைக்கு மொசார்ட் இசையைக் கேட்கவைத்தால் அறிவு பெருகும் என்று குறுந்தகடுகள் விற்கப்பட்ட காலத்தில் இந்த அடக்கம் குறிப்பிடத்தக்கது.

பிற்காலத் தலைமை

2009 செப்டம்பரில் சஃபயர் மறைந்தார். நீண்ட காலம் அறக்கட்டளையின் நிர்வாகத்தில் இருந்த வழக்கறிஞர் எட்வர்ட் ரோவர் தலைவரானார். முன்னவர் தொடங்கிய திட்டங்கள் இவர் காலத்தில் பெரும்பாலும் தொடர்ந்தன.

ரோவருக்குப் பின் உளமருத்துவரும் நரம்பியல் அறிவியலாளருமான ஸ்டீவன் ஹைமன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1996 முதல் 2001 வரை அமெரிக்க அரசின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகவும், பின்னர் பத்து ஆண்டுகள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கல்விசார் தலைமை அலுவலராகவும் பணியாற்றியவர். நரம்பியல் அறவியலுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் முதல் தலைவரும் இவரே. 2020களின் தொடக்கத்தில் நிர்வாகத் தலைவராகப் பொறுப்பேற்ற கரோலின் மொன்டோஹோவும் மூளை ஆய்வில் பயிற்சி பெற்றவர். முன்னதாகக் காவ்லி அறக்கட்டளையில் பணியாற்றியவர்.

அறிவியலாளர்கள் தலைமைக்கு வந்ததும் ஆய்வகங்களுக்கான நிதி பெருகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நிகழ்ந்தது வேறு. நரம்பியல் அறிவியலும் சமூகமும் என்பதே அறக்கட்டளையின் மையக் கருப்பொருள் ஆயிற்று. 2023 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சார்லஸ் ஆர். ட்ரூ மருத்துவப் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்தும் டேனா மையம் ஒன்று அறிவிக்கப்பட்டது. ட்ரூ பல்கலைக்கழகம், 1965 ஆம் ஆண்டின் வாட்ஸ் கலவரத்திற்குப் பின், மருத்துவ வசதி குறைந்த தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் மக்களுக்காகத் தோற்றுவிக்கப்பட்டது. எந்த மூளை ஆய்வு தேவை என்பதை அப்பகுதி மக்களிடமும் கேட்டு முடிவு செய்வது இம்மையத்தின் நோக்கங்களுள் ஒன்றாகும். 1992 இல் பத்து இலக்குகளை வகுத்தவர்கள் அறிவியலாளர்களே.