சேதி வந்தது, பருவம் போனது!

"தம்பி, கண்ணாடி வீட்டிலே கெடக்கு. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க!"

தஞ்சைத் தரணியின் கடைமடைப் பக்கம் கூட்டம் ஒன்றை முடித்துக்கொண்டு, தேநீர்க் கடையை ஒட்டிய நம் படிப்பகத்தில் சற்றே அமர்ந்திருந்தோம். பெரியவர் ஒருவர் வந்து தாள் ஒன்றை நம்மிடம் நீட்டினார். நான்காக மடித்த தாள். உரக்கறை படிந்த தாள். விரித்துப் படித்தோம். சம்பா நெற்பயிருக்குக் காப்பீடு செய்துகொள்ளுங்கள், இன்னின்ன சான்றுகளை எடுத்துச் செல்லுங்கள், இன்ன நாளுக்குள் செல்லுங்கள் என்று அழகு தமிழில் அச்சிட்டிருந்தார்கள். அந்த 'இன்ன நாள்' கழிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது!

"எப்போது கிடைத்தது ஐயா இது?"

"இன்னைக்குக் காலையிலேதான். உரம் எடுக்கப் போனேன். மூட்டை மேலே வச்சுக் குடுத்தாங்க."

"நாள் முடிந்துவிட்டதே!"

பெரியவர் பதறவில்லை. பதறிப் பதறிப் பழகியவர். "எங்க ஊருக்குப் புயல் நேரத்துக்கு வந்துடும் தம்பி, சேதிதான் பிந்தி வரும்" என்றார். தாளை வாங்கி மறுபடி மடித்து இடுப்பிலே செருகிக்கொண்டார். எதற்கு? அடுத்த ஆண்டுக்காம்!

தோழர்களே! சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை நாம். அந்தப் பெரியவர் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து உழுபவர். நிலம் அவருடையதல்ல, நெற்றி வேர்வை அவருடையது. பயிர் மூழ்கினால் போவது நிலத்துக்காரரின் நிலமா? அது அங்கேயேதான் கிடக்கும்! போவது இவரது நகைக் கடன், இவரது உழைப்பு, இவரது மகளின் கல்லூரிக் கட்டணம்.

தமிழ்நாட்டில் 2015-16ஆம் ஆண்டு எடுத்த வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடி உடைமைகள் ஏறத்தாழ 79 இலட்சம். ஓர் உடைமையின் சராசரி அளவு முக்கால் எக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பத்தில் ஒன்பதுக்கு மேல் சிறு, குறு உழவர்களுடையவை. ஆயிரம் வேலிப் பண்ணையாரின் கதையல்ல இன்றைய உழவு. கையகல நிலத்தை வைத்துக்கொண்டு காலத்தோடு மல்லுக்கட்டும் எளியவனின் கதை. அந்த எளியவனுக்கு நிலத்துக்கு அடுத்தபடி வேண்டியது எது? நீர் என்பீர்கள், உரம் என்பீர்கள், கடன் என்பீர்கள். நாம் சொல்கிறோம், சேதி! உரிய நாளில் வந்து சேரும் சேதி!

மேட்டூர் அணையையே எடுத்துக்கொள்வோம். 1934இல் கட்டி முடித்த அணை. 120 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் அணை. குறுவைக்கு அது திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. ஆனால் அந்த நாள் நம் கையிலா இருக்கிறது? 2022இல் மே 24ஆம் நாளே திறந்தார்கள். 2024இலோ, ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. 2025இல் மீண்டும் ஜூன் 12. திறக்கும் நாள் மாறினால் தெளிக்கும் விதையே மாறியாக வேண்டும். ஜூன் நடுவில் தண்ணீர் வந்தால் நூற்றுப் பத்து நாளில் முடியும் குறுவை ரகம். ஆடியைத் தொட்டு வந்தால், குறுவையை மறந்துவிட்டு நீண்ட நாள் சம்பா. இந்த முடிவைப் பதினைந்து நாள் பிந்தி எடுத்தவனின் அறுவடை எங்கே போய் நிற்கும்? அடைமழையின் நடுவிலே! கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல்லைத் தள்ளிவைப்பார்கள். தளர்வு கேட்டு டில்லிக்குக் கடிதம் போகும். டில்லியிலிருந்து குழு வரும். குழு மாதிரி எடுக்கும். அதற்குள் மூட்டையில் நெல் முளைக்கும். 2025 அக்டோபரில் இந்தக் காட்சியை நாடே பார்த்ததே!

சேதிக்கு என்ன வலிமை உண்டு என்பதற்கு இதே தஞ்சை மண்ணில் ஒரு சான்று இருக்கிறது. இளைய தோழர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். 1960களில், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்று ஒரு நெல்லைத் தந்தது. 1922 முதல் இயங்கிவரும் நிலையம் அது. புதிய நெல் வந்த சேதியைத் திருச்சி வானொலி ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எப்போது நாற்று விடுவது, எப்போது நடுவது, எவ்வளவு உரம் இடுவது என்று, உழவன் வயலிலிருந்து கால் கழுவிவிட்டு வரும் வேளையில், அவன் பேசும் தமிழில் சொன்னது. என்ன ஆயிற்று தெரியுமா? ஏ.டி.டி. 27 என்ற எண்ணை மக்கள் மறந்தார்கள். 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தார்கள்! விதைக்கு ஊர்ப்பெயர் உண்டு, நிறத்தால் பெயர் உண்டு, மணத்தால் பெயர் உண்டு. சேதி கொண்டுவந்த கருவியின் பெயரையே விதைக்குச் சூட்டினார்கள் என்றால், அந்தச் சேதி எவ்வளவு நம்பிக்கையாக வந்திருக்க வேண்டும்!

இன்று கருவிக்குப் பஞ்சமில்லை. 2018இல் தொடங்கிய 'உழவன்' செயலி இருக்கிறது. மானியம், விதை இருப்பு, சந்தை விலை, காப்பீடு எல்லாம் அதிலே. உழவர் அழைப்பு மையம் இருக்கிறது. 1800-180-1551 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைத்தால் தமிழிலேயே விடை கிடைக்கும். அது 2004இல் வந்தது. ஆனால் அந்த எண் எழுதிய சுவரை எந்த ஊரில் பார்த்தீர்கள்? பூச்சிமருந்துக் கடையின் விளம்பரம் மட்டும் எல்லாச் சுவரிலும் இருக்கிறது!

அந்தக் கடையைப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும். நம் ஊர்களில் வேளாண்மை ஆலோசகர் யார்? மருந்துக் கடைக்காரர்தான். பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்தால், ஒரு தூரைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார் உழவர். கடைக்காரர் பார்க்கிறார், புட்டி ஒன்றை எடுத்து வைக்கிறார், இன்னொன்றும் வைக்கிறார். அவரைக் குற்றம் சொல்லவில்லை நாம். அவர் விற்க உட்கார்ந்திருப்பவர். ஆனால் பல்கலைக்கழகம் சொல்வது என்ன? அது புகையான் என்றால், முதலில் வயலின் நீரை வடி. தழைச்சத்தை, அதாவது யூரியாவை, அள்ளிக் கொட்டாதே. நடும்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விடு. காற்றும் வெளிச்சமும் தூரின் அடிக்குப் போகட்டும். தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவைத் தாண்டினால்தான் மருந்தைப் பற்றியே நினை. வயலில் சிலந்தி இருந்தால் இரண்டு பூச்சி வரையிலும் பொறு. சிலந்தி அந்தப் பூச்சியைத் தின்னும். கண்ட மருந்தையும் அடித்தால் சிலந்தி சாகும், புகையான் பெருகும்! இதைச் சொல்லக் காசு வேண்டுமா? வேண்டாம். அதனால்தானோ என்னவோ, சொல்ல ஆளில்லை.

வானிலைச் சேதியின் கதையைக் கேளுங்கள். மாவட்டம் தோறும் மழையைக் கணித்து, 'நாளை மருந்தடிக்காதே, மறுநாள் உரமிடாதே' என்று சொல்வதற்காக, வேளாண் அறிவியல் நிலையங்களில் வானிலைப் பிரிவுகளை அமைத்தார்கள். நாடு முழுவதும் 199 பிரிவுகள். 2024 மார்ச்சோடு அவை மூடப்பட்டன. மழை நிற்கவில்லை, புயல் ஓயவில்லை. புயலைச் சொல்ல இருந்தவர்கள்தாம் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்! டில்லியின் கணக்குப் புத்தகத்தில் அது சிக்கனம்.

பயிற்சி இல்லையா? இருக்கிறது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையமே 1974இல் நம் பக்கத்துப் புதுவையில்தான் தோன்றியது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தோன்றியது. இன்று நாடெங்கும் எழுநூறுக்கும் மேல். டெல்டாவிலே நீடாமங்கலத்தில் ஒன்று, சிக்கலில் ஒன்று. விதை நேர்த்தி, இயந்திர நடவு, காளான் வளர்ப்பு என்று பயிற்சிகள் நடக்கின்றன. ஆனால் நடக்கும் நேரம்? காலை பத்து மணி! அந்த நேரத்தில் பயிற்சிக்குப் போகிறவனுக்கு அன்றைய கூலி போகும். நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் யார்? பெண்கள். பயிற்சிக் கூடத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யார்? பட்டா வைத்திருக்கும் ஆண்மகன். வரப்பில் நின்று குடை பிடித்தவருக்கு நடவு முறைப் பயிற்சி. சேற்றில் நின்று நட்டவளுக்கு, 'என்னம்மா, தள்ளி நடக்கூடாதா' என்று ஏச்சு!

பட்டா என்றோமே, சிக்கலின் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது.

சேதியாகட்டும், மானியமாகட்டும், உதவித்தொகையாகட்டும், எல்லாம் பட்டாவின் முகவரிக்கே போகின்றன. 2019இல் டில்லி அறிவித்த ஆண்டுக்கு 6000 ரூபாய் உதவி, நிலம் பெயரில் உள்ள குடும்பத்துக்குத்தான். 2025இல் உழவர்களுக்குத் தனி அடையாள எண் தர முகாம் போட்டார்கள். அதற்கும் பட்டா நிலமே அடிப்படை. நிலத்துக்காரர் பட்டணத்தில் மாடி வீட்டில் இருப்பார். அவரது கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும், 'அன்பார்ந்த உழவரே' என்று! அவர் அதைப் பார்த்துவிட்டுத் துடைத்துவிடுவார். அன்பார்ந்த உழவரோ, இங்கே முழங்கால் சேற்றிலே.

"குத்தகைதாரருக்குச் சட்டம் இல்லையா?" என்று நம் தோழர் கேட்பார். உண்டு. 1955இல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969இல், கழக ஆட்சியில், குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டமும் வந்தது. மறு ஆண்டிலேயே நில உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைந்தது. பெருமைப்படுகிறோம், பெருமைப்பட உரிமையும் உண்டு. 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை, 2021இல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை என்று பட்டியலை நீட்டலாம். ஆனால் ஒன்று கேட்கிறோம், நம்மையே நாம் கேட்டுக்கொள்கிறோம். சட்டம் போட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறதே, நம் கிளையில் உள்ள குத்தகை உழவர்களில் எத்தனை பேர் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது? பெரும்பாலும் வாய்ச்சொல் குத்தகை. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் நிலத்துக்காரருக்கு. எழுதிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலமே கிடைக்காது என்ற அச்சம் உழவருக்கு. இரண்டு அச்சத்துக்கும் நடுவே சட்டம் தூங்குகிறது. தட்டி எழுப்ப வேண்டியவர்கள் நாம்தாமே?

இத்தனைக்கும் காப்பீட்டிலே குத்தகைதாரருக்கு இடம் இருக்கிறது! 2016இல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதி அது. சம்பாவுக்கு உழவர் கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடு. நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு கூட்டுறவுச் சங்கத்துக்கோ பொதுச் சேவை மையத்துக்கோ போனால் ஆயிற்று. வழக்கமாகச் சம்பாவுக்குக் கடைசி நாள் நவம்பர் 15. சில ஆண்டுகளில் அதை நீட்டியிருக்கிறார்கள். அந்த நீட்டிப்பை நம்பி இருந்துவிடக் கூடாது.

இன்னொரு சேதி. 2018இல் ஓசைப்படாமல் ஒரு காரியம் செய்தார்கள். வயலில் நீர் தேங்கி நெல் மூழ்கினால், அந்தத் தனி வயலின் இழப்பைக் கணக்கிடும் வழியை விதியிலிருந்து நீக்கினார்கள். ஊர் முழுவதும் விளைச்சல் குறைந்தால்தான் இழப்பீடு. வடிகால் அடைத்து மூழ்கிய ஒருவனின் வயலுக்கு நாதியில்லை! டெல்டாவுக்கு இதைவிட வஞ்சனை உண்டா? 2025 நவம்பரில், அதைத் திரும்பச் சேர்ப்பதாக, 2026 காரீப் பருவத்திலிருந்து நடைமுறைக்கு வருவதாக அறிவித்தார்கள். ஆனால், தோழர்களே, கவனியுங்கள்: மூழ்கிய 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மூன்றே நாள்! அறுத்துப் போட்ட கதிர் பதினான்கு நாளுக்குள் மழையில் கெட்டாலும் அதே 72 மணி நேரம்தான். சொல்லவேண்டிய எண் 14447. உரமூட்டையின் மேல் வரும் துண்டுத்தாளுக்கு இது காத்திருக்குமா?

ஆகவேதான் படிப்பகத்துக்கு வருகிறோம். எழுத்தறியாத தொழிலாளிக்கு ஏடு படித்துக் காட்டி வளர்ந்த இயக்கம் இது. முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் படிக்க முப்பது பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் ஆட்சியையே மாற்றினார்கள். அன்று தலையங்கம் படித்தோமே, இன்று அதோடு சேர்த்து அணையின் நீர்மட்டத்தையும், காப்பீட்டுக் கடைசி நாளையும், புகையானின் அறிகுறியையும் படித்தால் நா சுளுக்கிக்கொள்ளுமா? ஆலைத் தொழிலாளத் தோழர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறோம். உங்கள் அண்ணன் ஊரிலே ஏர் பிடிக்கிறார். ஐப்பசியில் தீபாவளிக்கு விடுமுறை விடுகிறார்கள். அதை நாம் கொண்டாடுகிறோமா என்பது வேறு கதை, ஊருக்குப் போகிறோம் அல்லவா? சம்பாக் காப்பீட்டுக்கு அதுதான் காலம். சட்டைப்பையில் உள்ள கைப்பேசியில் அண்ணனுக்கு அதைச் செய்துவிட்டுத் திரும்புங்கள்.

அன்று மாலை, அந்தப் படிப்பகத்துக் கரும்பலகையில் இருந்த கூட்ட அறிவிப்பை அழித்துவிட்டு, இரண்டு தொலைபேசி எண்களையும் '72 மணி' என்பதையும் பெரிதாக எழுதினோம். பெரியவர் எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"காப்பீடுதான் போச்சு. அந்தச் சாகுபடிச் சான்று, தை அறுப்பு நெல்லைக் கொள்முதல்லே போடவும் கேப்பாங்களே தம்பி?"

கேட்பார்கள். மறுநாள் காலையில் கிராம நிர்வாக அலுவலரிடம் அவரை அழைத்துப்போவதாகக் கிளைச் செயலாளர் சொன்னார். எத்தனை மணிக்கு என்று பெரியவர் கேட்டார். அலுவலர் வரும் நேரம் யாருக்கும் தெரியவில்லை. "அப்ப விடியக்காலமே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, வரப்பில் இறங்கி நடந்தார்.