பெயர் மாறிய அந்துப்பூச்சி

பார்க்டேலுக்கு மேற்கே, நடந்து செல்லக்கூடிய தொலைவில் அமைந்துள்ளது ஹை பார்க். அங்குள்ள முதிய ஓக் மரங்களைக் குளிர்காலத்தில் உற்று நோக்குவோர், பட்டையில் மங்கிய மஞ்சள்நிறத் திட்டுக்களைக் காணக்கூடும். ஒவ்வொரு திட்டிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள் உறைபனியைத் தாங்கிக் கிடக்கின்றன. லைமான்ரியா டிஸ்பார் என்று விஞ்ஞானிகள் அழைக்கும் அந்துப்பூச்சியின் முட்டைகள் அவை.

ஏப்பிரல் இறுதிக்கும் மே நடுப்பகுதிக்கும் இடையில் முட்டைகள் பொரிக்கின்றன. இளம் புழுக்கள் மெல்லிழையில் தொங்கிக் காற்றோடு மரம்விட்டு மரம் செல்கின்றன. ஊரில் முருங்கையை மொய்த்த மயிர்க்கொட்டியை அறிந்தோருக்கு இதன் தோற்றம் புதிதன்று. வளர்ந்த புழுவை அடையாளம் காண முதுகை நோக்கினாற் போதும்: முன்பாதியில் ஐந்து சோடி நீலப் புள்ளிகள், தொடர்ந்து ஆறு சோடி சிவப்புப் புள்ளிகள். அதன் உரோமம் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

வளர்ந்த புழு இரவில் இலையைத் தின்று, பகலில் பட்டை வெடிப்புகளில் ஒளிகின்றது. அதனாலேயே அடிமரத்தில் சாக்குத் துணியைக் கட்டி, மடிப்பினுள் ஒதுங்கும் புழுக்களை அகற்றுகின்றனர். யூலை மாதத்தில் அந்துப்பூச்சிகள் வெளிவருகின்றன. ஆண் சிறியது, கபில நிறமானது. பெண் பெரியது, வெண்ணிறமானது. 'டிஸ்பார்' என்ற சொல் இவ்வேறுபாட்டையே குறிக்கின்றது. இரண்டும் எதனையும் உண்பதில்லை. இங்குள்ள இனத்தில் பெண்ணுக்குச் சிறகிருந்தும் பறப்பதில்லை. முட்டையிட்டு, தன் உடல் உரோமத்தால் மூடிவிட்டு மடிகின்றது.

பறக்காத பூச்சி கண்டம் கடந்தது எவ்வாறு? 1860களின் இறுதியில் துருவலோ என்ற பிரெஞ்சுக்காரர் ஐரோப்பாவிலிருந்து இதனை அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக்குக் கொண்டுவந்தார். அவர் வளர்த்தவற்றுட் சில தப்பின. பின்னர் விறகிலும் வாகனங்களிலும் முட்டைகள் ஒட்டிப் பயணித்தன. 1969இல் ஒன்ராறியோவில் இது கண்டறியப்பட்டது. 2021இல் இம்மாகாணத்தில் பெருந்தொகையாகப் பெருகிக் காடுகளை மொட்டையாக்கியது. நலமான மரம் அதே கோடையில் மீண்டும் துளிர்க்கும்; ஆண்டுதோறும் இலையிழந்தால் நலிந்து பட்டுப்போகவும் கூடும்.

இப்பூச்சியை ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'ஜிப்சி' என்ற அடைமொழியோடு அழைத்தனர். ரோமா மக்களை இழித்துரைக்கும் சொல் அது. 1997இல் செக் குடியரசிலிருந்தும், பின்னர் ஹங்கேரியிலிருந்தும் அடைக்கலம் நாடி ரொறன்ரோ வந்த ரோமா குடும்பங்கள் பல பார்க்டேலில் குடியமர்ந்தன. தம் இனப்பெயர் ஒரு பீடையின் பெயராக வழங்குவதை அவர்களின் பிள்ளைகளும் கேட்க நேர்ந்தது. அமெரிக்கப் பூச்சியியற் கழகம் 2021இல் அப்பெயரைக் கைவிட்டு, 2022இல் 'ஸ்பொஞ்சி' அந்துப்பூச்சி என்ற பெயரை ஏற்றது. கடற்பஞ்சை ஒத்த முட்டைத் திட்டே அப்பெயருக்குக் காரணம்.

'அகதி' என்ற சொல் வசையாக வீசப்படுவதைக் கேட்ட நமக்கு இம்மாற்றத்தின் பெறுமதி விளங்கும். அயலவர் மனம் நோகாதபடி புதிய பெயரையே நாமும் வழங்குவோம். வீட்டு முற்றத்து மரத்தில் முட்டைத் திட்டைக் கண்டால், கையுறை அணிந்து, ஏப்பிரலுக்கு முன்னர் சுரண்டிச் சவர்க்கார நீரில் இரண்டு நாட்கள் ஊறவிட்டு அப்புறப்படுத்துங்கள்.